ஏற்காட்டு அக்கா பதில்கள்: சனி, ஞாயிறு, கூடவே ஒரு வாண்டு

பொங்கல் விடுமுறைக்குச் சின்னப் பிள்ளைகளோடு வெளியூர் போவது பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் சில அறைகளை வாடகைக்கு விடுகிறோம். அதற்கு முன் சேலத்தில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக வேலை பார்த்தேன். அதனால் பதில்களில் பாதி நர்ஸ் பேசுவாள், பாதி அறைக்காரி பேசுவாள்.

எங்கள் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. வெள்ளி இரவு சென்னையிலிருந்து காரில் கிளம்பி, சனிக்கிழமை ஏற்காடு, ஞாயிறு காலை கொல்லிமலை, மதியம் ஒகேனக்கல், ராத்திரியே வீடு என்று கணவர் திட்டம் போட்டிருக்கிறார். பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு பக்கத்துக்குப் பட்டியலும் வைத்திருக்கிறார். சரிப்படுமா?
– ஒரு வாசகி, அம்பத்தூர்

சரிப்படாது. வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். திட்டு எனக்கே விழட்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து சேலம் சுமார் 340 கிலோமீட்டர். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்கு 70. ஏறினால் இறங்கியும் ஆக வேண்டும். ஆக மொத்தம் 180 வளைவு, ஒன்றே முக்கால் வயதுக்கு! ஒகேனக்கலோ கொல்லிமலைக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிடும். பாறையும் பரிசலும் ஆழமான தண்ணீரும் உள்ள இடத்தில் இந்த வயதுப் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கவே முடியாது. அதற்கா அவ்வளவு தூரம்?

இந்த வயதுக் குழந்தை ஒரு நாளில் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். காரில் தூங்கிக்கொள்ளும் என்பார்கள். தூங்கும்தான். இன்ஜினை அணைத்ததும் விழித்துக்கொள்ளும். அரைத் தூக்கத்தில் விழித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கோடா பாயிண்ட்டில் நின்று, ‘பாரு பாரு, மலை பாரு’ என்று காட்டுகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். அது மலையைப் பார்க்காது, உங்கள் கம்மலைப் பிடித்து இழுக்கும்.

போன ஜனவரியில் எங்கள் வீட்டில் தங்கிய குடும்பம் ஒன்று காலையிலிருந்து சுற்றிவிட்டு நாலு மணிக்கு வந்து இறங்கியது. முற்றத்தில் காபிப் பழம் காயப் போட்டிருந்தோம். இறக்கிவிட்டதும் அந்தப் பையன் நேராகப் போய் அதன் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான். ஒவ்வொரு பழமாகப் பொறுக்கி அப்பா கழற்றிப் போட்ட ஷூவுக்குள் போட்டான். ஷூ நிறைந்ததும் கவிழ்த்துக் கொட்டினான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். இருட்டுகிற வரைக்கும் அதே வேலை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் அடைக்கிற அளவு பழம் அது, ஆள் விலகக் கூடாது. அப்பா நாற்காலியில் சாய்ந்து காபி குடித்தார். காலையிலிருந்து அவர் உட்கார்ந்ததே அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் ஒரே மலை, ஒரே அறை. கொல்லிமலையும் ஒகேனக்கலும் எங்கேயும் ஓடிப்போகாது. ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் கார் ஓட்டுவதை விட ஏற்காடு எக்ஸ்பிரஸ் நல்லது. இரவு சென்னை சென்ட்ரலில் ஏறினால் விடிவதற்கு முன்பே சேலம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் கிடையாது. கீழ்ப் படுக்கையாகப் பாருங்கள், சுவர்ப் பக்கம் குழந்தை, வெளிப் பக்கம் நீங்கள். விடிகாலையில் வந்து நிற்போம் என்று அறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வந்து குளிரில் கேட்டைத் தட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

சனிக்கிழமை காலை ஏரியும் பக்கத்திலேயே இருக்கிற அண்ணா பூங்காவும் போதும். படகில் ஏறுவதானால் குழந்தை அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவர்கள் அங்கியை மாட்டினால் தண்ணீரில் விழுந்ததும் பிள்ளை கீழே நழுவிவிடும், அங்கி மட்டும் மிதக்கும். இல்லையென்றால் படகு வேண்டாம், கரையில் நின்று பார்க்கலாம். மதியம் அறைக்குத் திரும்பித் தூக்கம். இருட்டுகிற நேரத்தில் லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனைக்குப் போனால் கீழே சேலம் நகரம் முழுக்க விளக்காகத் தெரியும். ஞாயிறு காலை சேர்வராயன் கோயில். மலை உச்சி அங்கே சமதளமாக விரிந்திருக்கும், பிள்ளையை இறக்கி ஓடவிடலாம். கிளியூர் அருவியை விட்டுவிடுங்கள். செங்குத்தாக இறங்கி ஏற வேண்டும், ஜனவரியில் தண்ணீரும் மெலிந்திருக்கும்.

வளைவு வந்தாலே மூன்று வயது மகன் வாந்தி எடுக்கிறான். மாத்திரை கொடுக்கலாமா?
– அரூர் வாசகர்

இரண்டு வயதுக்குக் கீழே இது அவ்வளவாக வராது. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் பாடு. வண்டி திரும்புகிறது என்று உள்காது சொல்கிறது, முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் எதுவும் நகரவில்லை என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வயிறு புரட்டுகிறது. வெளியே தூரத்தில் பார்க்கிற மாதிரி உயரமாக உட்கார வைத்தால் பாதி சரியாகும். குழந்தைகளுக்கான கார் சீட்டில் உட்கார்ந்தால் ஜன்னல் எட்டும். போனைக் கையில் கொடுத்தால் மூன்றாவது வளைவிலேயே வாந்தி நிச்சயம்.

கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி கொடுங்கள். வெறும் வயிறும் ஆகாது, ஒரு டம்ளர் பாலைக் குடிக்க வைத்து உடனே வண்டியில் ஏற்றுவதும் ஆகாது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள். காருக்குள் தொங்கவிட்ட வாசனைப் பொருளைக் கழற்றி டிக்கியில் போடுங்கள். பெரியவர்களுக்கே அது குமட்டும். வளைவுகளுக்கு நடுவே அகலமான இடம் வந்தால் நிறுத்தி இரண்டு நிமிடம் நடக்க விடுங்கள்.

மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வாந்தியை நிறுத்தும் சில மருந்துகள் சின்னப் பிள்ளைகளை மயங்கிக் கிடக்கிற அளவுக்குத் தூங்கவைக்கும். ‘எங்க அக்கா பிள்ளைக்குக் கொடுத்தது’ என்று பாட்டிலைத் தூக்கி வருகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுப்பதில் கெடுதல் இல்லை, அதைப் பிடித்துக்கொண்டு விளையாடவாவது செய்வான்.

இறங்கும்போது காது அடைத்து அழுவான். அந்த நேரத்துக்குத் தண்ணீரை மிச்சம் வையுங்கள். விழுங்க விழுங்கத் திறந்துவிடும்.

இன்னொன்று. முன்சீட்டில் அம்மா மடியில் பிள்ளை என்பது வேண்டவே வேண்டாம். 14 வயதுக்கு உட்பட்டவர்களை பெல்ட் போட்டோ குழந்தை சீட்டிலோதான் உட்கார வைக்க வேண்டும் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அபராதம் 1,000 ரூபாய். அபராதத்தை விடுங்கள். சடன் பிரேக் அடித்தால் மடியில் இருக்கிற பிள்ளையை எந்த அம்மாவின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

கோபியிலிருந்து கொடிவேரி அணைக்கு பைக்கில் நான், மனைவி, இரண்டரை வயது மகள் மூவரும் போவதாக இருக்கிறோம். மகளை முன்னால் டேங்க் மேல் உட்கார வைக்கலாமா?
– கோபிசெட்டிபாளையம் வாசகர்

கூடாது தம்பி. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைக்குத் தலைக்கவசமும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. டேங்க் மேல் உட்கார்ந்த பிள்ளைக்குப் பிடிக்க ஹேண்டில்பார் தவிர வேறு எதுவும் இல்லை. தூங்கிவிட்டால் அதுவும் போயிற்று.

பேருந்தில் போங்கள். அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை டிக்கெட் கிடையாது. ஜன்னலோர சீட் கிடைத்தால் அவளுக்கு அதுவே ஒரு சுற்றுலா.

கொடிவேரியில் தண்ணீர் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. மேலே பவானிசாகர் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் வரத்து கூடும், அப்போது குளிக்கத் தடை போடுவார்கள். தடை என்றால் தடைதான், ‘ஓரமா நின்னு கால் நனைச்சுட்டு வந்துடறோம்’ என்று காவலரிடம் வாதாடாதீர்கள். தடை இல்லாத நாளிலும் அணைச் சரிவில் விழுகிற தண்ணீருக்கு அடியில் அவளைக் கொண்டுபோகாதீர்கள். கணுக்கால் அளவு தண்ணீரில் உட்கார வைத்து ஒரு டம்ளரைக் கையில் கொடுங்கள். நீங்களும் தண்ணீருக்குள்ளேயே கை எட்டும் தூரத்தில் உட்கார வேண்டும். இந்த வயதுப் பிள்ளை முழங்கால் அளவு தண்ணீரில்கூட சத்தமே இல்லாமல் மூழ்கும். சினிமாவில் வருகிற மாதிரி கத்தி, கையைத் தூக்கி ஆட்டாது. மீன் வறுவலை வாங்க ஒருவர் போனால் இன்னொருவர் போனைப் பைக்குள் வைத்துவிட வேண்டும்.

பனி ஆகாது, காத்து கருப்பு அடிக்கும், பிள்ளையை எங்கேயும் கூட்டிப் போகாதே என்கிறார் அத்தை. என்ன சொல்லிச் சமாளிப்பது?
– ஒன்றரை வயதுப் பையனின் அம்மா, சங்ககிரி

ஏன் சமாளிக்க வேண்டும்? அத்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இப்படி மறுக்கிற அத்தைமாரில் பாதிப் பேர், ‘நீங்களும் வாங்க’ என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருப்பவர்கள். வந்த பிறகு அவர்கள்தான் முதலில் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போவார்கள்.

பனியைப் பற்றி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜனவரி இரவில் இங்கே நன்றாகக் குளிரும். தடியாக ஒரே ஸ்வெட்டர் போடுவதை விட மெல்லிய பருத்திச் சட்டை இரண்டு, அதன் மேல் ஸ்வெட்டர் என்று போட்டால் வெயில் வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். தலைக்குக் குல்லாய், காலுக்கு உறை. நெஞ்சில் கையை வைத்துப் பாருங்கள், கதகதப்பாக இருந்தால் போதும். உள்ளங்கை சில்லென்று இருப்பதை வைத்துப் பயப்பட வேண்டாம்.

இனி அறைக்காரி பேசுகிறாள். முன்பதிவு செய்யும்போது எல்லோரும் கேட்பது டி.வி. இருக்கிறதா, வைஃபை இருக்கிறதா. நீங்கள் வேறு கேள்வி கேளுங்கள். அறை தரைத்தளமா? அத்தைக்கு மூட்டுக்காகவும், பையனுக்குப் படிக்கட்டுக்காகவும் அது வேண்டும். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? காலை ஆறு மணிக்குப் பால் கிடைக்குமா? பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? நாலு அங்குலத்துக்கு மேல் என்றால் இந்த வயதுப் பிள்ளை உடம்பை நுழைத்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். கம்பிகள் குறுக்காகப் போனால் இன்னும் மோசம், அது அவனுக்கு ஏணி.

அறைக்குள் நுழைந்ததும் படுக்கையில் விழாதீர்கள். ஒரு நிமிடம் தரையில் உட்கார்ந்து அவன் உயரத்திலிருந்து பாருங்கள். கட்டில் ஓரத்தில் பிளக் பாயிண்ட், கொசுவர்த்தி எண்ணெய்க் குடுவை, மேஜை விளிம்பு, தொங்குகிற கெட்டில் ஒயர் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். குளியலறையில் வாளியில் தண்ணீர் நின்றால் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். குளியலறைக் கதவுக்கு வெளித் தாழ்ப்பாள் போடுங்கள். கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போடச் சொன்னால் எந்த அறைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் வேறு அறை பாருங்கள்.

காத்து கருப்புக்கு அத்தை மையைத் தடவட்டும், கன்னத்தில் மட்டும். கண்ணுக்குள் வேண்டாம்.

ஊட்டி மலை ரயிலில் இரண்டு வயதுப் பேரனோடு போக ஆசை. தாங்குவானா?
– ஒரு பாட்டி, பல்லடம்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர்தான், ஆனால் ஏறுவதற்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பற்சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து ஏறுகிற வண்டி. முதல் குகை வந்ததும் பேரன் கத்திக் கும்மாளம் போடுவான், இரண்டாவது மணி நேரத்தில் இறங்க வேண்டும் என்பான். குன்னூர் வரை காரில் போய், குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயில் ஏறுங்கள். ஒரு மணி நேரம் சொச்சம். புகைவண்டி, குகை, தேயிலைத் தோட்டம் எல்லாம் அதிலேயே வந்துவிடும். காரில் போவதானால் நீலகிரிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், கொடைக்கானலுக்கும் அப்படித்தான். விடுமுறை நாளுக்குக் கடைசி நேரத்தில் தேடாதீர்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் பாட்டிலை வழியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

மகள் வீட்டுச் சாப்பாடு தவிர எதையும் தொட மாட்டாள். இரண்டு நாள் எப்படி ஓட்டுவது?
– பெருந்துறை வாசகி

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகாது. தண்ணீர் குடிக்கிறாளா, சிறுநீர் போகிறாளா என்று மட்டும் பாருங்கள்.

பருப்புப் பொடி, ஒரு சின்ன டப்பாவில் நெய், சத்துமாவு, வாழைப்பழம். இவ்வளவுதான் மூட்டை. சுடுசோறு எந்த மெஸ்ஸிலும் கிடைக்கும், அதில் பொடியும் நெய்யும் பிசைந்தால் அது வீட்டுச் சாப்பாடு. ஃபிளாஸ்க்கில் கொதித்து ஆறிய தண்ணீர். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு இருக்கட்டும். அட்டையில் எவ்வளவு தண்ணீர் போட்டிருக்கிறதோ அவ்வளவிலேயே கரைக்க வேண்டும். பாதிப் பொடி, அரை டம்ளர் என்று கண் திட்டத்தில் கலக்கக் கூடாது. வேர்க்கடலை, முழு திராட்சை, கொய்யாக்காய்த் துண்டு ஆகியவற்றை ஓடுகிற வண்டியில் கொடுக்காதீர்கள். தொண்டையில் மாட்டினால் வளைவில் வண்டியை நிறுத்தவும் இடம் இருக்காது.

மூன்று வயதுக்குள் பார்த்தது எதுவும் பிற்காலத்தில் ஞாபகம் இருக்காதாம். பிறகு எதற்கு இந்தச் செலவு என்று மகனிடம் கேட்டேன். கோபித்துக்கொண்டான். நான் கேட்டது தப்பா?
– ஒரு தாத்தா, நாமக்கல்

விஷயம் சரிதான் ஐயா. பெரும்பாலானவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தையது எதுவும் நினைவில் நிற்பதில்லை. நீங்கள் போன வருஷம் பேரனுக்கு ஊட்டிய பருப்புச் சோறும்தான் அவனுக்கு ஞாபகம் இருக்காது. அதற்காக ஊட்டாமலா விட்டீர்கள்?

செலவைப் பற்றி நீங்கள் கேட்பதில் எனக்கு வருத்தமில்லை, அறை வாடகை வாங்குகிறவளாக இருந்தும் சொல்கிறேன். இந்த வயதுப் பிள்ளைக்காக மலைக்குத்தான் வர வேண்டும் என்று ஒன்றும் கிடையாது. நாமக்கல்லில் இருந்துகொண்டு காவிரியை விட்டுவிட்டு எங்கே போவது? காணும் பொங்கலன்று மோகனூர் ஆற்றங்கரைக்குப் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள். நம் ஊரில் ஆடிப்பெருக்குக்கும் காணும் பொங்கலுக்கும் குடும்பத்தோடு செய்துவந்தது அதுதானே. மணலில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்தால் பேரன் குழி தோண்டுவான். அந்தக் குழிக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிற வேலை உங்களுக்கு. மகன் கொஞ்ச நேரம் படுத்துத் தூங்கட்டும், பாவம், அவன் கோபத்துக்குப் பாதிக் காரணம் தூக்கமின்மையாகத்தான் இருக்கும். தண்ணீரின் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளியே குழி இருக்கட்டும்.

காணும் பொங்கலுக்கு மெரினா போகிறோம். கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிடுமோ என்று பயம்.
– திருவொற்றியூர் வாசகி

அன்றைக்கு அங்கே போலீஸார் குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுவார்கள். போனதும் முதல் வேலையாக அதைக் கட்டிக்கொள்ளுங்கள். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அந்த வழக்கம் நல்லது. பட்டை இல்லாத இடத்தில் பால்பாயின்ட் பேனாவால் முன்கையில் எண்ணை எழுதிவிடலாம். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். பதற்றத்தில், ‘என்ன கலர் சட்டை?’ என்று கேட்டால் பெற்ற தாய்க்கே வராது. மணலிலும் தண்ணீரிலும் எடுப்பாகத் தெரியும் ஆரஞ்சு, சிவப்பு மாதிரி நிறமாகப் போடுங்கள். காணும் பொங்கலன்று அங்கே கடலில் இறங்க விடுவதில்லை, தடுப்பு போட்டிருப்பார்கள். சாயங்காலம் கூட்டம் நெரிவதற்குள் கிளம்பிவிடுங்கள்.

போன தடவை மகன் கையிலிருந்த பிஸ்கட்டைக் குரங்கு பிடுங்கியதில் லேசாக நகம் கீறிவிட்டது. மஞ்சள் வைத்துவிட்டோம். இனி என்ன செய்வது?
– தர்மபுரி வாசகர்

இதுவரை டாக்டரிடம் காட்டவில்லை என்றால் இந்தப் பதிலை மூடி வைத்துவிட்டு முதலில் போய்க் காட்டுங்கள். நாள் ஆகிவிட்டதே என்று விடக் கூடாது. குரங்குக் கடிக்கும், தோல் பெயர்ந்த கீறலுக்கும் வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசி தேவைப்படும். அரசு மருத்துவமனையில் இலவசம். அப்படி நடந்த உடனே குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், காபிப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.

சத்தம் போடுகிற கவரைக் கேட்டாலே குரங்குக்குத் தெரிந்துவிடும், உள்ளே தின்பண்டம் என்று. ஊட்டுவதை அறைக்குள்ளோ காருக்குள்ளோ வைத்துக்கொள்ளுங்கள். பிடுங்க வந்தால் கொடுத்துவிடுங்கள், இழுபறி வேண்டாம், முறைத்துப் பார்க்கவும் வேண்டாம். பிள்ளையை விட்டுக் குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்க வைத்து வீடியோ எடுக்கிறவர்களை நான் எங்கள் வாசலிலேயே அதட்டியிருக்கிறேன்.

மலைக்குப் போய்வந்து பத்து நாள் கழித்துக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. போய்வந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?
– ஆம்பூர் வாசகி

இருக்கலாம். சொல்லாமல் விடாதீர்கள் என்பதற்காகவே இந்தக் கேள்வியை எடுத்தேன். டாக்டர் இருமலா, சளியா என்று கேட்பார். பத்து நாளைக்கு முன் புல்வெளியில் உட்கார்ந்ததை யாரும் சொல்ல மாட்டார்கள்.

உண்ணிக் காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது, ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சி கடித்து வருவது. கடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும். வேலூர், ஆம்பூர்ப் பக்கமெல்லாம் மழைக்காலத்துக்குப் பிறகு வந்துகொண்டுதான் இருக்கிறது, மலைக்கு வராதவர்களுக்கும் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, காது மடலின் பின்புறம், டயப்பர் பட்டை பதிகிற இடுப்பு என்று மறைவாக இருக்கும். குளிப்பாட்டும்போது வெளிச்சத்தில் தேடிப் பாருங்கள். எல்லோருக்கும் அந்தத் தழும்பு இருக்கும் என்றும் இல்லை. காய்ச்சல் விடாமல் அடித்தால், ‘காட்டுப் பக்கம் போயிருந்தோம்’ என்று நீங்களாகவே சொல்லுங்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் மருந்துக்கு நன்றாகக் கேட்கும், விட்டால் நுரையீரல், மூளை வரை போகும்.

புல்லில் உட்காரும்போது தடியான ஜமுக்காளம் விரியுங்கள். முழுக்கால் சட்டை போடுங்கள். அறைக்கு வந்ததும் குளிப்பாட்டி உடையை மாற்றிவிடுங்கள். கழற்றிய துணியைப் படுக்கையில் போடாமல் தனிப் பையில் கட்டுங்கள்.

டயப்பரை எங்கே போடுவது? வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்.
– பெயர் வேண்டாம், திருப்பூர்

இதற்கு வெட்கப்படவே வேண்டாம். கேட்காமல் போடுகிறவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். வளைவில் கார் கண்ணாடியை இறக்கிப் பள்ளத்தில் வீசுகிறார்கள். அதைக் காட்டுப்பன்றி கிளறும், நாய் இழுத்துக்கொண்டு ஓடும். காலையில் பெருக்க வருகிற அம்மா சாலையோரத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பார். அவருக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறது.

செய்தித்தாளில் சுருட்டி, மூடி உள்ள டப்பா ஒன்றைக் காரில் வைத்து அதில் போட்டு, கீழே இறங்கியதும் குப்பை எடுக்கிற இடத்தில் சேர்த்துவிடுங்கள். குளிரில் ராத்திரி அடிக்கடி நனையும், வீட்டில் ஆகிற கணக்கை விட இரண்டு மூன்று கூடுதலாக எடுத்து வையுங்கள். துணி நாப்கின் நல்லதுதான், ஆனால் ஜனவரி மூடுபனியில் துவைத்துப் போட்டால் நீங்கள் ஊருக்குப் போகும்வரை காயாது.

எங்கள் அறைகளில் இதற்கென்றே மூடி போட்ட வாளி வைத்திருக்கிறோம். தயவுசெய்து அதில் போடுங்கள். கழிப்பறைக்குள் போட்டுத் தண்ணீரை ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்கிறவர் சேலத்திலிருந்து வர வேண்டும், பொங்கலன்று எவ்வளவு கொடுத்தாலும் அவர் மலை ஏற மாட்டார்.